ஐந்து மீட்டருக்குள்

வரைபடத் துறையின் மூன்றாம் மாடியில் அந்த அம்மாளுக்கு முகத்துக்கு நேரே ஒரு பெயர், முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர். நேரே "மேடம்". பின்னால் "பூதக்கண்ணாடி". இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்றுதான் மாடியே நினைத்துக்கொண்டிருந்தது. அதை யார் வைத்தது, எந்த வருடம், எந்த மேசையில் உட்கார்ந்து வைத்தது என்பதுவரை அவள் விசாரித்து முடித்துப் பத்து வருடம் ஆகிறது.

அவள் கொள்கைப் பிரிவு அதிகாரி. நாட்டில் எந்த ஆறு எங்கே ஓடுகிறது, எந்தத் தெரு எங்கே முடிகிறது, வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்றெல்லாம் வரைந்து கொடுப்பது அந்தத் துறையின் வேலை. அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த விதிகளைக் காப்பது அவளுடைய வேலை. அறுபத்து மூன்று கொள்கைகள், அறுபத்து மூன்று நீலக் கோப்புகள். ஒரு கோட்டை யார் நகர்த்தலாம், எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும், எது நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும், ஊழியர் யாரிடம் பரிசு வாங்கக் கூடாது, சொந்தக்காரர்களின் தொழிலை எந்தப் படிவத்தில் எழுதித் தர வேண்டும், எல்லாம் அதில் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், பக்கத்தைத் திறக்காமலே ஒப்பிப்பாள். மீறினவர் யார் என்பதையும் கூடவே ஒப்பிப்பாள்.

சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. மாத்திரை அட்டையை முன்னும் பின்னும் படிக்காமல் விழுங்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரே நாளில் இரண்டு முறை சிரித்தால், மூன்றாவது முறை ஏதோ கேட்கப்போகிறாள் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். வேறு ஊரில் இருக்கும் மகள் புது எண்ணிலிருந்து கூப்பிட்டால், "நல்லா இருக்கியா" என்பதற்கு முன்னால் "யார் ஃபோன் இது" என்றுதான் கேட்பாள். அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில் ஒரு இரும்புக் கயிற்றை நம்பித் தொங்குகிற மனுஷன்.

"உன்னை மாதிரி நானும் யோசிச்சா, நான் ஒரு மாடி ஏற முடியாது" என்பார் அவர்.

"என்னை மாதிரி ஒருத்தி கயித்தைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டதாலதான் நீங்க தொங்குறீங்க" என்பாள் இவள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் செய்த ஒரு காரியத்தில் அவளுக்கு ரொம்பப் பெருமை. முதன்முதலாக ஆட்கள் நிலத்தில் இறங்கி, சேற்றில் கால் வைத்து அளந்தபோது வரைந்த மூலத் தாள்கள், பின் கட்டடத்தில் ஒரு அறையில் திறந்தே கிடந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்தார்கள், மேசையில் விரித்து வைத்துச் சாப்பிடப் போனார்கள். யாராவது ஒரு கோட்டை அழித்து வேறு கோடு போட்டால் யாருக்குத் தெரியும்? அவள் பூட்டுப் போட்டாள். சாவி அவளுடைய இழுப்பறையில். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் வெளியே வராது. நிர்வாகக் குழுத் தலைவரே அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் ஏன் பாராட்டுகிறார் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

யாரையும் நம்பாதவள் என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு அவளோடு உட்காருகிற ஒரே ஆள் சரிபார்ப்பாளர். வரைவாளர்கள் வரைந்து கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு மில்லிமீட்டரைக்கூட விடமாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்கு "மில்லி" என்று பெயர். ஜன்னலோர மேசையில் இருபது வருடமாக இரண்டு பேரும் எதிரெதிரே டப்பாவைத் திறந்தார்கள். அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவர் கொண்டு வந்ததில் பாதியை இவள் பக்கம் தள்ளுவார், இவள் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவாள். அவருக்கு அதில் கோபம் வந்ததே கிடையாது. ஓய்வு பெற இரண்டரை மாதம்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

எழுதியவர் வாய்க்கால் கரைத் தெருவில் குடியிருக்கும் ஒரு தையல்காரர். போன மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாம். இரண்டு மெஷினும் போச்சு. வீடு வாங்கும்போது துறையின் வரைபடத்தைப் பார்த்துத்தான் வாங்கினாராம். வெள்ள எல்லைக் கோட்டுக்கு வெளியே, பத்திரமாக இருந்ததாம். இப்போது ஒரு பழைய புத்தகக் கடையில் பதினெட்டு வருடத்துக்கு முந்தைய இதே வரைபடம் கிடைத்தது, அதில் தன் வீடு இருக்கும் இடம் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது என்று எழுதி, படத்தையும் மடித்து வைத்திருந்தார். கடைசி வரி: "வாய்க்கால் அப்படியேதான் இருக்கு. உங்க கோடு மட்டும் எப்படி நகர்ந்தது?"

பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வியர்த்தது. அன்றைக்கே பதிப்புகளை வரவழைத்தாள். மூன்று வருடத்துக்கு ஒரு பதிப்பு. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய படத்துக்குப் பிறகு ஐந்து பதிப்புகள். ஒவ்வொன்றிலும் கோடு வாய்க்காலை நோக்கி நகர்ந்திருந்தது. முதலில் நான்கு மீட்டர், அப்புறம் மூன்று புள்ளி ஒன்பது, நான்கு புள்ளி ஒன்று, மறுபடி நான்கு, கடைசியில் மூன்று புள்ளி எட்டு. மொத்தம் கிட்டத்தட்ட இருபது மீட்டர். ஒரு தெருவே அதற்குள் அடங்கும். அடங்கித்தான் இருந்தது. நாற்பது வீடுகள்.

பதினேழாம் எண் கொள்கையை அவள் மனசுக்குள்ளேயே புரட்டினாள். ஐந்து மீட்டருக்கு மேல் ஒரு கோடு நகர்ந்தால் நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும், காரணம் எழுத வேண்டும், ஆள் அனுப்பி அளக்க வேண்டும். ஐந்துக்குள் என்றால் அது "சிறு திருத்தம்". ஒரே ஒரு கையெழுத்து போதும். ஐந்து முறை நகர்ந்திருக்கிறது, ஐந்து முறையும் ஐந்துக்குள், ஐந்து முறையும் ஒரே திசையில். விதியின் அளவு தெரிந்த எவனோ கணக்காக நகர்த்தியிருக்கிறான். யார் கையெழுத்து என்று பார்த்தாள்.

ஐந்திலும் மில்லியின் கையெழுத்து. ஓரத்தில் அவருடைய பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "4.1 மீ. எல்லைக்குள். மூலத் தாள் கிடைக்கவில்லை." அளவு மட்டும் மாறி, ஐந்திலும் அதே குறிப்பு. முன்கூட்டியே தப்பிக்க வழி பண்ணி வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அதோடு அவள் நிறுத்தவில்லை. சொந்தக்காரர் தொழில் படிவங்களை எடுத்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் எழுதியிருந்தார்: "மனைவியின் அண்ணன் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறார்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரே வார்த்தைதான்: "மாற்றமில்லை."

மறுநாள் சாப்பாட்டில் அவருடைய வாயைக் கொஞ்சம் பிடுங்கிப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மாவோட அண்ணன் நல்லா இருக்காரா சார்?"

மில்லி நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் அவள் அவருடைய சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்டதே இல்லை. "இருக்காருன்னு நினைக்கிறேன்" என்றார்.

"நினைக்கிறீங்களா?"

"அது ஒரு பெரிய கதை மேடம். சாப்பிடுங்க." தன் டப்பாவை இவள் பக்கம் தள்ளினார்.

மழுப்புகிறார். அது போதும் அவளுக்கு. நேரடியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நாற்பத்தொன்றாம் எண் கொள்கை அதைத் தடுத்தது: புகாருக்கு ஆளானவரிடம் முன்கூட்டிப் பேசக் கூடாது, ஆதாரத்தை அழித்துவிடுவார். அதை எழுதியவளும் அவள்தான். அன்று சாயங்காலம் ஏழு பக்க அறிக்கையைத் தணிக்கைக் குழுவுக்கு அனுப்பினாள். தகவல் சொன்னவர் பெயர் வெளியே வராது என்பது இன்னொரு கொள்கை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். இறங்கவில்லை.

"யாரு இந்த தடவை?" என்றார் கணவர்.

"ஆபீஸ் விஷயம்."

"மில்லி சார்கிட்டயாவது சொல்லி ஆத்திக்கலாம்ல" என்றார் அவர். அவள் எழுந்து கை கழுவப் போனாள்.

பத்து நாளில் மில்லிக்கு உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். ஓய்வு நாள் அதற்கு நடுவில் வந்தால் வரட்டும், வழியனுப்பு விழா கிடையாது, ஓய்வூதியமும் தீர்ப்புக்குப் பிறகுதான். காதும் காதும் வைத்தாற்போல் நடக்க வேண்டியது, அரை மணி நேரத்தில் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. நேற்றுவரை அவரைக் கண்டால் எழுந்து நின்ற வரைவாளர்கள், திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இழுப்பறையைக் காலி பண்ணிக்கொண்டு நேரே அவளுடைய அறைக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி, அதன் மேல் அவருடைய இரும்பு அளவுகோல். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"மேடம், எனக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். என் மேல யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. நான் இப்போ என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

அவளுக்குப் பதிலாக பழக்கம் பேசியது. பதில் எழுத இருபத்தோரு நாள் இருக்கிறது என்றாள். ஆதாரங்களின் நகல் கேட்கலாம் என்றாள். உதவிக்கு ஒரு ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவர் ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத் தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டார்.

"யாரு எழுதினாங்கன்னு கேட்கலாமா?"

"அது... கேட்க முடியாது சார். விதி இல்லை."

"சரி" என்றார். துண்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப உதவி மேடம்" என்று எழுந்து போனார். அவள் மனசுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். குற்றவாளிக்கு இவ்வளவு அமைதி வராது என்றாள் ஒருத்தி. பழுத்த குற்றவாளிக்கு வரும் என்றாள் இன்னொருத்தி. அன்று ஜெயித்தது இரண்டாமவள்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு நில அளவையாளரை அமர்த்தினார்கள். நாற்பது வயதுப் பெண், எப்போதும் சேறு ஒட்டிய பூட்ஸ், பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது. மூன்று வாரம் கழித்து அவள் கொள்கைப் பிரிவுக்கு வந்து மேசை மேல் ஒரு கட்டுத் தாளைப் போட்டாள்.

"இந்த ஒரு வாய்க்காலை மட்டும் ஏன் பார்த்தீங்க?"

"புகார் அதைப் பத்தித்தானே வந்தது."

"நான் எல்லாத்தையும் பார்த்தேன். முப்பத்தெட்டு ஆறு, வாய்க்கால். முப்பத்தெட்டுலயும் கோடு நகர்ந்திருக்கு. அதே திசை, அதே அளவு. இதுல ரெண்டு வாய்க்கால் காட்டுக்கு நடுவுல ஓடுது. அங்க குரங்குக்கு யாரு வீடு கட்டிக் கொடுக்கிறாங்க?"

பூதக்கண்ணாடி அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினாள்.

"காசு வாங்கினவன் ஒரு கோட்டைத்தான் நகர்த்துவான். எல்லாக் கோடும் நகர்ந்தா அது கைப்பழக்கம்." அவள் வரைவாளர்கள் பக்கம் கட்டை விரலைக் காட்டினாள். "போய் அவங்க பின்னாடி நின்னு பாருங்க. பழைய கோட்டு மேல புதுசு வரையும்போது, தடிமனான கோட்டோட தண்ணீர்ப் பக்க ஓரத்துல ஓட்டுறாங்க. கேட்டா, கோடு வீட்டு மேல படக் கூடாது, பார்க்க நல்லா இருக்காதுன்னு சீனியர் சொல்லிக் கொடுத்தாராம். கோட்டோட பாதித் தடிமன் நிலத்துல நாலு மீட்டர். ஒவ்வொரு பதிப்புக்கும் நாலு மீட்டர். அழகுக்காக ஒரு தெருவையே வெளிய தள்ளிட்டாங்க."

"அப்போ சரிபார்ப்பு எதுக்கு?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேட்க வந்தேன். முந்தைய பதிப்போட ஒப்பிட்டா எப்பவும் நாலு மீட்டர்தான் வரும். எல்லைக்குள்ள. பாவம், அந்த மனுஷன் சரியாத்தான் அளந்திருக்காரு. மூலத் தாளோட ஒப்பிட்டிருந்தா ரெண்டாவது பதிப்புலயே மாட்டியிருக்கும். எந்தத் துறையிலயும் மூலத்தோடதான் ஒப்பிடுவாங்க. இங்க மட்டும் 'முந்தைய பதிப்போடு ஒப்பிட்டால் போதும்'னு ஒரு விதி. யாரு போட்டது இதை? கோப்புல 'நிர்வாகக் குழு ஒப்புதல்'னு மட்டும் இருக்கு."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். மில்லியின் மச்சினர் அந்தத் தெருவில் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. தொழிலை மூடிப் பத்து வருடம் ஆகிறது. தங்கையோடு பேச்சுவார்த்தை நின்று பன்னிரண்டு வருடம். மூடின சங்கதி இவர்கள் வீட்டுக்கே தெரியாது.

அளவையாளர் போன பிறகு பூதக்கண்ணாடி பழைய அலமாரியைத் திறந்தாள். அந்த விதியை யார் முன்மொழிந்தது என்று கண்டுபிடிக்கிற ஆவேசம் வந்துவிட்டது. அவனைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். பதினேழாம் எண் கோப்பின் அடியில், பழுப்பேறிய முன்மொழிவுத் தாள் இருந்தது.

எழுத்து அவளுடையது.

மூலத் தாள்களைப் பூட்டிய அதே மாதம். தாள்கள் பூட்டப்பட்டதால் சரிபார்ப்புக்கு அவற்றை வெளியே எடுப்பது பாதுகாப்பு அல்ல, எவராவது மாற்றிவிடக்கூடும், ஆகவே முந்தைய பதிப்போடு ஒப்பிட்டால் போதும் என்று அவள் தன் கைப்படக் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். பூட்டு நினைவிருந்தது. பாராட்டு நினைவிருந்தது. இந்த ஒரு வரியை எழுதியது தான்தான் என்பது மட்டும் சுத்தமாக மறந்து போயிருந்தது. கீழே ஒரு பொடி எழுத்து ஆட்சேபம்: "மூலத்தோடு ஒப்பிடுவதே முறை. சிறு பிழைகள் சேர்ந்துவிடும். சரிபார்ப்பாளர்." அதன் பக்கத்தில் சிவப்பு மையில் அவளுடைய பதில்: "வேலையைக் கூட்டிக் காட்ட முயற்சி. ஏற்பதற்கில்லை."

தாளை இன்னொரு தடவை படித்தாள். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. காது மடல் எரிகிற மாதிரி ஒரு வெட்கம். இருபது வருடமாக மாடியில் ஒருவர் விடாமல் எல்லோரையும் சல்லடை போட்டுச் சலித்தவள், சல்லடையைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது அறிக்கை எழுதினாள். இரண்டே பக்கம். யார் முன்மொழிந்தது, யார் ஆட்சேபித்தது, யார் தள்ளுபடி செய்தது, முதல் புகாரை எழுதியது யார், எல்லாம் பெயரோடு. இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரெல்லாம் எதுக்குமா? 'நடைமுறைக் குறைபாடு'ன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது. உங்களுக்கும் கெட்ட பேரு இல்லை, துறைக்கும் இல்லை."

அவர் இவ்வளவு பரிவாகப் பேசுகிறாரே என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. "அப்போ அவர் பேரு?" என்று கேட்டாள்.

"விசாரணை கைவிடப்பட்டதுன்னு ஒரு கடிதம் போயிடும்."

"கைவிடப்பட்டதுன்னா, நிரூபிக்க முடியலைன்னுதான் சார் ஜனங்க படிப்பாங்க. நான் அப்படித்தான் படிப்பேன்." அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கி, நிர்வாகக் குழுவின் ஒன்பது பேருக்கும் தனித்தனியே அனுப்பினாள். கொள்கை அதிகாரிக்கு அந்த உரிமை உண்டு. ஐந்தாம் எண். இருபது வருடத்தில் அவள் அதைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

கோடு பழைய இடத்துக்குப் போனது. வாய்க்கால் கரைத் தெருவின் நாற்பது வீடுகளும் வரைபடத்தில் வெள்ளத்துக்குள் வந்தன. தையல்காரர் இன்னொரு கடிதம் எழுதினார், அதில் நன்றி எதுவும் இல்லை. அவர் எதற்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டை இனி யாரிடம் விற்பது என்றுதான் கேட்டிருந்தார். பதில் எழுதும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலு தடவை எழுதிக் கிழித்தாள். மில்லிக்குக் குற்றமற்றவர் என்று கடிதம் போனது. அதற்குள் அவருடைய ஓய்வு நாள் வந்து போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவருடைய வீட்டுக்குப் போனாள். இருபது வருடப் பழக்கத்தில் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவரே கதவைத் திறந்தார். சின்னக் கூடம், சுவரில் ஒரு வரைபடம்கூட இல்லை. உட்கார வைத்தார். அவள் பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் ஓடிப்போய்விட்டது.

"சார், அந்தப் புகார் எழுதினது நான்தான்."

"தெரியும்."

"குழு சொல்லிச்சா?"

"இல்லை. எனக்கு உத்தரவு வந்தபோதே கூட ஒரு நகல் வெச்சிருந்தாங்க. பேரு இல்லை. ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் 'ஏழில் ஒன்று, ஏழில் ரெண்டு'ன்னு எண் போட்டிருந்தது. யாரும் பக்கத்தை உருவிடக் கூடாதுன்னு அப்படிப் போடுற ஆளு நம்ம ஆபீஸ்ல ஒருத்தர்தான்."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமா அன்னிக்கு என் ரூமுக்கு வந்து என்ன பண்ணணும்னு கேட்டீங்க?"

"நீங்க சொல்லுவீங்களான்னு பார்த்தேன்" என்றார் மில்லி. "எழுதினது நான்தான், ஆனா கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை. மூலத் தாளை எடுக்கச் சாவி மூணு தடவை கேட்டேன், மூணு கையெழுத்து கேட்டீங்க, நானும் சலிச்சுப் போய் விட்டுட்டேன். அதுல என் தப்பும் இருக்கு, அதை நான் குழுவுக்கே எழுதிட்டேன். புகார் கொடுத்தது உங்க வேலை, அதுலயும் எனக்குக் கோபம் இல்லை. எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டோமே மேடம். இந்தக் கோடு ஏன் நகருதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

"விதி..." என்று ஆரம்பித்தாள்.

"விதிதான்" என்றார் அவரும்.

மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அது ஏற்றுக்கொண்ட தலையாட்டலா, போதும் என்ற தலையாட்டலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரு முனை வரை கூட வந்தார். பஸ் வரும்போது, "ஒரு நாள் மதியம் சாப்பிட வாங்க" என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

அந்த ஒரு வரியை அவள் இரண்டு வாரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். உபசாரத்துக்குச் சொன்னதா, மனசோடு சொன்னதா? சொல்லும்போது முகம் எப்படி இருந்தது, பஸ் சத்தத்தில் குரல் மாறியதா? கணவரிடம் கேட்டாள். "போய்ப் பார்த்தாத் தெரியும்" என்றார் அவர்.

மூன்றாம் வாரம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்குச் சமைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள். அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"அவர் வெளிய போயிருக்காரும்மா. எப்ப வருவார்னு தெரியலை."

வாசலில் மில்லியின் செருப்பு இருந்தது. பழுப்பு நிறம், இடது வார் தைத்தது. இருபது வருடமாக மேசைக்குக் கீழே அவள் பார்த்துப் பழகிய அதே ஜோடி. உள்ளே எங்கோ ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாளின் கண் ஒரு முறை செருப்புக்குப் போய்த் திரும்பியது.

பூதக்கண்ணாடி செருப்பை மறுபடி பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி, நேரே அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

"பரவாயில்லைம்மா. வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று சொல்லி, டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.